வெறுங்கார்டு

ரேஷன் கார்டைத் தேடுகிற அன்றைக்கெல்லாம் எங்கள் வீட்டில் முதலில் கையில் அகப்படுவது ரேஷன் கார்டாக இருக்காது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கி மூடியைத் திறந்தால், கேஸ் புத்தகம், வீட்டு வரி ரசீதுகள், மகளின் மாற்றுச் சான்றிதழ் நகல் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் கார்டு நழுவித் தரையில் விழும். இன்றைக்கும் அப்படித்தான் விழுந்தது. சிங்கப்பூர் பஸ்ஸில் தட்டிவிட்டு ஏறுகிற கார்டு. ஓரங்கள் வெளுத்து, ஒரு மூலையில் சிமெண்டுக் கறை ஏறி, மேலே இருந்த படம் பாதிக்குமேல் தேய்ந்துபோய்விட்டது. இப்போது அதை எந்த மெஷினில் கொண்டுபோய்த் தட்டினாலும் ஒன்றும் நடக்காது. தூக்கி எறிய எத்தனையோ முறை கையை ஓங்கியிருக்கிறேன், எறிந்ததில்லை. உள்ளங்கையில் அடங்குகிற இந்தத் துண்டு என் உயிரை வாங்கியதுபோல என் மாமியார்கூட வாங்கியதில்லை.

கார்டு என் வீட்டுக்காரருடையது. எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வருடம் அவர் சிங்கப்பூருக்குப் போனார். எங்கள் ஊர் தொண்டி ரோட்டில் ஒரு விலக்கில் இறங்கி உள்ளே நடக்கிற ஊர். மழையை நம்பி ஒரு போகம் நெல், மற்ற மாதங்களில் கருவேலங்கரி. நான் திருப்பாலைக்குடியில் பள்ளிக்கூட டீச்சர். என் சம்பளத்தில் வீடு ஓடும், ஆனால் மேல்தளம் போட முடியாது, நாத்தனாரைக் கட்டிக்கொடுக்க முடியாது. அதற்காகப் போனவர். அங்கே அவருக்குக் கட்டடத்தில் கம்பி கட்டுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வருவார். வந்த முதல் வாரம் விருந்தாளி மாதிரி இருப்பார், இரண்டாம் வாரம் புருசன் மாதிரி இருப்பார், மூன்றாம் வாரம் சண்டை போடுவோம், நான்காம் வாரம் பெட்டி கட்டுவார். இப்படியே பதினாலு வருடம் ஓடியது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த மனுசன் போனது போதும், வீட்டோடு இருக்க வேண்டும்.

அங்கே முதலில் மெஷினுக்குள் செருகி எடுக்கிற கார்டு இருந்ததாம். பிறகுதான் இந்தத் தட்டுகிற கார்டு வந்தது. முன்கூட்டியே அதில் காசு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது வாசலில் இருக்கும் மெஷினில் ஒரு தட்டு, இறங்கும்போது இன்னொரு தட்டு. போன தூரத்துக்கு மட்டும் அது கழித்துக்கொள்ளும். இறங்கும்போது தட்ட மறந்துவிட்டால், பஸ் கடைசியாக நிற்கிற இடம் வரைக்கும் போனதாக வைத்து முழுசாக எடுத்துக்கொள்ளும். கண்டக்டர் கிடையாது, கெஞ்ச ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் போலீசுக்குப் பயந்தாரோ இல்லையோ, இதற்குப் பயந்து செத்தார். இரண்டு நிறுத்தம் போய்விட்டு ஒரே ஒரு முறை தட்டாமல் இறங்கியதை, அப்பன் செத்த துக்கம்போல ஒவ்வொரு லீவுக்கும் வந்து சொல்வார்.

அந்தப் பயம் ஊருக்கும் கூடவே வந்தது. லீவில் வந்த புதிதில் டவுன் பஸ்ஸில் எங்கள் விலக்கில் இறங்கும்போது, சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து வாசல் கம்பியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் இறங்குவார். தட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. நான் அந்த பஸ்ஸில் தினமும் போய்வருகிறவள். பாதி பஸ் என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாமார்கள். கண்டக்டர் ஒருநாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “அண்ணே, அது கம்பிண்ணே. தட்டுனா துருதான் உதுரும்” என்றார். பஸ்ஸே சிரித்தது. இவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார்! எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று வகுப்புக் கதவில் சிலேட்டைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது.

கொடுத்த காசு வீணாகக் கூடாது என்பது அவருக்கு வேதம். பற்பசைக் குழாயைக் கத்திரியால் நடுவே வெட்டி, உள்ளே இருப்பதை பிரஷ்ஷால் வழித்து நாலு நாள் ஓட்டுவார். கிழித்த காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில்தான் கடைச் சாமான் எழுதுவார். ஒரு லீவில் தேவிபட்டினம் போய்விட்டு, மகளோடும் இரண்டு பைகளோடும் வெயில் நேரத்தில் பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் விலக்கு வந்தது. நான் எழுந்துவிட்டேன். அவர் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், அடுத்த நிறுத்தத்துக்கும் இதே டிக்கெட்தானாம், அங்கே இறங்கினால் கடலைப் பார்க்கலாமாம். “குடுத்த காசுக்குக் கடலப் பாத்துட்டு வருவம்த்தா” என்றார். நான் கத்துவதற்குள் பஸ் எடுத்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பனைகளுக்கு நடுவே கொஞ்சம்போலத் தெரிந்த கடலைப் பார்த்துவிட்டு, ஒன்றரை மைல் திரும்பி நடந்தோம். மகள் அவர் தோளில், இரண்டு பையும் என் கையில். வழி நெடுக நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் பாட்டுக்கு, காற்று நன்றாக வருகிறது என்றார்.

எங்கள் ஊரிலிருந்து சிங்கப்பூர் போனவர்கள் அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. லீவில் வருகிறவர் தன் கார்டைத் தன்னோடு வைத்துக்கொள்வார். போனது போதும் என்று ஒரேயடியாக வந்துவிட்டவர், அடுத்து முதல் தடவையாகப் போகிற ஆளுக்குக் கார்டைக் கொடுத்துவிடுவார். புதிதாக இறங்குகிறவன் கையில் அந்த ஊர்ச் சில்லறை இருக்காது, எங்கே வாங்குவது என்று தெரியாது, கேட்கப் பாஷை இருக்காது. முதல் இரண்டு வாரம் அந்தக் கார்டுதான் அவனுக்குக் கால். அதனால் வெறுங்கார்டாகக் கொடுக்கக் கூடாது, உள்ளே காசு இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் குழம்பு வாங்கிய கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்போமா, அதுபோல. ஒருவர் கார்டைக் கொடுத்துவிட்டார் என்றால் அவர் இனிப் போகமாட்டார் என்று ஊர் முடிவு கட்டிவிடும். கொடுத்துவிட்டு மறுபடியும் போன ஒருவருக்கு ‘ரெண்டு கார்டுக்காரர்’ என்றே பெயர் வைத்து, அவர் மகன் கல்யாணத்தில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. இந்தக் கார்டு வந்த பிறகு மட்டும் மூன்று லீவு. மூன்று முறையும், இதுதான் கடைசி, இனிப் போகமாட்டேன் என்று வந்ததும் சொன்னார். முதல் முறை நான் நம்பி, பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். மேல்தளம் பாதியில் நிற்கிறது என்று போய்விட்டார். இரண்டாம் முறை நாத்தனார் கல்யாணம். மூன்றாம் முறை போர் போட்டுத் தண்ணீர் உப்பாக வந்தது. அதற்கும் சிங்கப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மூன்று முறையும் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த கார்டை எடுத்து, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே, “அதுல இன்னம் காசு கெடக்குத்தா. வீணாப் போயிரும்ல” என்றார். வேடிக்கையாகச் சொல்கிறாராம். பஸ் கார்டில் மிச்சம் கிடக்கிறது என்று சமுத்திரம் தாண்டிப் போகிற ஆளை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? மூன்றாம் முறை எனக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் போகமாட்டேன் என்ற வார்த்தையை என் காதில் போடாதீர்கள், செத்தாலும் நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதற்குத்தான் பின்னால் அனுபவித்தேன்.

நான்காம் முறை வந்தது இரண்டாயிரத்து எட்டின் கடைசியில். உலகம் முழுக்கத் தொழில் படுத்துவிட்டது, கட்டட வேலையெல்லாம் நிற்கிறது என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த நேரம். லீவு என்றும் சொல்லவில்லை, முடிந்தது என்றும் சொல்லவில்லை. பெட்டியை வைத்தார், குளித்தார், கார்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். ஒரு மாதம் ஆனது, இரண்டு மாதம் ஆனது. எப்போது போகிறீர்கள் என்று கேட்டால், “பாப்பம்” என்பார். இருக்கப்போகிறீர்களா என்று கேட்டாலும், “பாப்பம்.” வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பர்ஸ் கம்பியில் தட்டுவது மட்டும் நிற்கவில்லை. உடம்பு இங்கே, கை அங்கேயே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வேலை மறுபடியும் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறார், கம்பெனி கூப்பிட்ட மறுநாள் பெட்டி கட்டுவார் என்று கணக்குப் போட்டேன்.

மாசி மாதம், வாலிநோக்கம் போய்வருகிறேன், நாலு நாள் ஆகும் என்று கிளம்பினார். அங்கே அவரோடு சிங்கப்பூரில் ஒரே அறையில் இருந்த கூட்டாளி வீடு இருக்கிறது. என்ன விசயம் என்று கேட்டேன். சும்மா என்றார். சும்மா போவதற்கு நாலு நாளா? ஏஜெண்டைப் பார்க்கத்தான் போகிறார், முன்பணம் கட்டிவிட்டு வந்து நிற்பார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை மூன்று முறை தப்பாகச் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. எதிர்வீட்டு அக்காவும் அவர் மகனும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார்கள். அந்தத் தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. தொழில் நின்ற காலத்திலும் யாரையோ பிடித்து வாங்கியிருந்தார்கள். சாயங்காலம் திருச்சிக்குப் போய் விமானம் ஏறுகிறான். வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். திருநீறு பூசிவிட்டு நிமிர்ந்தேன். சாமி படத்துக்குப் பின்னால் கார்டின் நுனி தெரிந்தது. எனக்குள் என்ன புகுந்ததோ, உருவி எடுத்து அவன் கையில் வைத்துவிட்டேன். “இந்தாப்பா, அண்ணன் குடுக்கச் சொன்னாரு” என்று வாய் கூசாமல் ஒரு பொய்யும் சொன்னேன். அக்காவின் முகம் அப்படியே மலர்ந்தது. அப்ப உன் வீட்டுக்காரரு இனிமே இங்கனதான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தானே கொடுத்தேன். கொடுத்த கார்டை எந்த முகத்தோடு திருப்பி வாங்குவார்? எப்படிப் போவார்? ரெண்டு கார்டுக்காரர் என்ற பெயரோடு போகட்டும் பார்ப்போம். அன்றைக்கு நான் இரண்டு ஆழாக்குக் கூடுதலாக அரிசி போட்டுப் பொங்கி, மகளோடு உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறக்கிறேன், எதிர்வீட்டு அக்கா தலைமுடியை அள்ளிச் செருகியபடி வந்து வாசலில் நின்றுவிட்டார். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. மகன் போன் பண்ணியிருக்கிறான். அங்கே போய்ச் சேர்ந்தவுடன் உடம்புப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பஸ் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இவன் ஏறி, சொல்லிக்கொடுத்தபடி கார்டைத் தட்டியிருக்கிறான். சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் கத்தியிருக்கிறது. மறுபடியும் தட்டினால் மறுபடியும் கத்தல். பின்னால் வரிசை நிற்கிறது, டிரைவர் ஏதோ சொல்லிக் கையைக் காட்டுகிறார். கையில் ஊர்க் காசு மட்டும். இறங்கிவிட்டான். தாளைக் காட்டி வழி கேட்டுக் கேட்டு நடந்து போய்ச் சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது, திருப்பி அனுப்பிவிட்டார்கள், மேஸ்திரியிடம் முதல் நாளே ஏச்சு.

“டீச்சரு, நீயெல்லாம் நாலு பேருக்குச் சொல்லிக்குடுக்கிறவளா? வெறுங்கார்டக் குடுத்து எம்புள்ளைய நடுரோட்டுல எறங்க வச்சுட்டியே” என்றார் அக்கா.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதில் காசு இருக்கிறது அக்கா, அவர் எப்போதும் காசு வைத்திருப்பார், மெஷினில்தான் கோளாறு இருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கிழவன் செத்துக் கிடக்கிற வீட்டில்கூட வெறுங்கிண்ணம் கொடுக்காத தெரு இது. அந்தத் தெருவில் வெறுங்கார்டு கொடுத்தவளாக நான் நிற்கிறேன். சரியாக அந்த நேரம் பார்த்துத் தோளில் பையோடு இந்த மனுசன் விலக்கிலிருந்து நடந்து வருகிறார். கூட்டத்தைப் பார்த்து நடையை எட்டிப் போட்டார். அக்கா முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னார். நான் கார்டை எடுத்துக் கொடுத்ததும், அவர் கொடுக்கச் சொன்னதாகச் சொன்ன பொய்யும் அதில் வந்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையை இறக்கி வைத்தார்.

“அக்கா, அவளத் திட்டாதீக. அதுல காசு இல்லைங்கிறது அவளுக்குத் தெரியாது. நாந்தான் ஒண்ணு விடாமத் தீத்துட்டு ஏரோப்பிளேன் ஏறுனேன்.”

எனக்கு முன்னால் அக்காவுக்குத்தான் புரிந்தது. “தீத்துட்டா வந்த? அப்ப நீ இனிமே போகலையாப்பா?”

“இல்லக்கா. போகல.”

நான் பதினாலு வருடமாகக் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்ட கேள்விக்கு, நின்ற நிலையில் எதிர்வீட்டு அக்காவிடம் பதில் சொல்கிறார் இந்த மனுசன்! பக்கத்தில் நான் மரம் மாதிரி நிற்கிறேன். சந்தோசப்படுவதா, தெருவில் வைத்து மானத்தை வாங்கிவிட்டார் என்று அழுவதா, பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றை எடுப்பதா என்று தெரியவில்லை. உன் வீட்டுக்காரரு வந்துட்டாருத்தா என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். அவர் மகன் போய் மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை, பிறகுதான் உறைத்தது.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இவரைப் பிடித்துக்கொண்டேன். வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? மூன்று மாதம் என்னைப் பைத்தியக்காரியாக்கிப் பார்த்தீர்களே, சொல்ல வாய் இல்லையா என்று கேட்டேன். சொம்பில் தண்ணீர் மோந்து குடித்தார். “மூணு தடவ சொன்னேன், மூணும் பொய்யாப் போச்சு. இனிச் சொல்லாதன்னு நீதான சொன்ன. சரி, சொல்ல வேணாம், இருந்து காட்டுவம்னு இருந்தேன்” என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். வாலிநோக்கம் போனது எதற்கு என்றால், கூட்டாளியோடு சேர்ந்து உப்பு ஏற்ற ஒரு பழைய மினி லாரி பார்க்கவாம். அதையும் சொல்லவில்லை. சரி, முடித்துவிட்டு வந்தவர் காசு போட்டுக் கார்டை யாருக்காவது கொடுத்திருக்கலாமே, ஊர் வழக்கம்தானே என்று கேட்டேன். “குடுத்தா, நான் வந்துட்டேன் நீ போடான்னு ஒருத்தனைத் தள்ளிவிடுற மாதிரி இருக்கு. அது என்னோட முடியட்டும்னு வச்சிருந்தேன்” என்றார்.

அந்தக் கடைசி நாளைப் பற்றி அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பல நாளில், சாப்பிடும்போது கொஞ்சம், வண்டி கழுவும்போது கொஞ்சம் என்று நான் பிடுங்கிப் பிடுங்கி வாங்கியது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வேலை இல்லை. பதினாலு வருடம் இருந்த ஊரில், விடுதியிலிருந்து லாரியில் ஏற்றிக் கட்டடத்தில் இறக்குவார்கள், கட்டடத்திலிருந்து ஏற்றி விடுதியில் இறக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் பிடித்துத் தமிழ்க் கடைத் தெருவுக்குப் போய்வருவார். அவ்வளவுதான் அவர் பார்த்த சிங்கப்பூர். அன்றைக்குக் காலையில் மாடி பஸ் ஒன்றில் ஏறி, மேலே முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், தட்டி இறங்கி, அடுத்த பஸ். தான் கம்பி கட்டிய கட்டடங்களைத் தேடியிருக்கிறார். சிலது அடையாளமே தெரியவில்லையாம். ஒரு குடியிருப்பின் பன்னிரண்டாவது மாடியில் யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள் என்றார். அந்தத் தளத்துக்குக் கம்பி கட்டும்போதுதான் நம் மகள் பிறந்த தந்தி வந்தது என்றும் சொன்னார். இப்படிப் பகல் முழுக்கச் சுற்றி, கடைசியில் ஒரு பஸ்ஸில் ஏறித் தட்டியபோது சிவப்பு எரிந்தது. நல்லதாப் போச்சு என்று இறங்கி, விடுதி வரை நடந்து போயிருக்கிறார். இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு, கோபமும் வந்தது. பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டிய முடிவை ஒரு பஸ் மெஷினிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் பாருங்கள்.

எதிர்வீட்டுத் தம்பிக்கு அன்றைக்கே ஏற்பாடு செய்தார். சிங்கப்பூரில் இன்னும் இருந்த பழைய அறைக்காரர் ஒருவருக்குப் போன் போட்டு, தம்பியை நேரில் போய்ப் பார்த்து அதே கார்டில் காசு போட்டுக் கொடுக்கச் செய்தார். தம்பி பரிசோதனையை முடித்தான், வேலையில் சேர்ந்தான். அக்கா ஒரு வாரம் கழித்து ஒரு கிண்ணம் அயிரை மீன் குழம்போடு வந்தார். கிண்ணத்தை நான் இரண்டு முட்டையோடு திருப்பிக் கொடுத்தேன். விசயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. உப்பு லாரி ஓடியதைவிட நின்றது அதிகம். உப்புக் காற்றில் அடித்தகடு துருப்பிடித்து, பங்குனியில் வாங்கிய வண்டிக்கு ஆடிக்குள் மூன்று முறை வெல்டிங். அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆவணியில் அவருடைய பழைய கம்பெனி மேஸ்திரி போன் பண்ணினார். வேலை மறுபடியும் சூடு பிடித்துவிட்டது, பழைய ஆட்களைக் கேட்கிறார்கள், சம்பளமும் கூட என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. இவர் “பாப்பம்” என்றார். அந்தப் பாழாய்ப்போன பாப்பம்! பத்து நாள் கழித்து, லீவில் வந்த ஒருவர் கையில் எதிர்வீட்டுத் தம்பி ஒரு கவர் கொடுத்தனுப்பியிருந்தான். என் வீட்டுக்காரர் வண்டிக்குப் போயிருந்த நேரம். பிரித்தால், உள்ளே இதே கார்டு. அங்கே பழைய கார்டுகளையெல்லாம் புதியதாக மாற்றுகிறார்களாம், புரட்டாசிக்குள் கொண்டுபோய் மாற்றாவிட்டால் அப்புறம் செல்லாதாம். அவன் தனக்குப் புதியது வாங்கிவிட்டான். இதை வெறுங்கார்டாகத் திருப்பக் கூடாது என்று காசு போட்டு அனுப்பியிருக்கிறேன், அண்ணன் வருவதானால் அதற்குள் வந்து மாற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, எவ்வளவு போட்டிருக்கிறான் என்பதையும் எழுதியிருந்தான். நல்ல பிள்ளைதான். ஆனால் அன்றைக்கு அவன் எதிரே இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். தீர்த்துவிட்டு வந்த கார்டில் மறுபடியும் காசை ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டானே!

ஒளித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருமுறை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்துப் பட்டது போதாதா? சாயங்காலம் அவர் கையிலேயே கொடுத்து, காசு இருக்கிறது, புரட்டாசி வரைக்கும்தான் செல்லும் என்று சொன்னேன். தாளை நான் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டை நுனியால் துடைத்தார். மூன்று லீவிலும் பார்த்த அதே துடைப்பு. பிறகு சாமி படத்துக்குப் பின்னால், பழைய இடத்தில் செருகினார். அதிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல், காலையில் எழுந்ததும் நான் பார்ப்பது சாமி முகத்தை அல்ல, கார்டின் நுனியை. மேஸ்திரி இரண்டு முறை போன் பண்ணினார். இவர் தினமும் காலண்டர்த் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் டீசலை எழுதிக்கொண்டு வண்டிக்குப் போனார். நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்றுதான் ஊருக்கே தெரியுமே.

அந்தக் கெடு நாள் வந்தது, போனது. மறுநாள் காலையில் கார்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் பின்கட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் போய் நின்று, கெடு நேற்றோடு முடிந்துவிட்டது என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். “அதுல காசு கெடந்துச்சேங்க, வீணாப் போச்சே” என்றேன்.

வாயைக் கொப்பளித்துத் துப்பினார். “கெடந்துட்டுப் போகுது” என்றார்.

அத்தோடு நிறுத்தினாரா? குனிந்து குப்பைக் கூடைக்குள் கையை விட்டு ஒரு பற்பசைக் குழாயை எடுத்தார். “இத யாரு அதுக்குள்ள தூக்கிப் போட்டது? இன்னம் நாலு நாளைக்கு வரும்” என்று கத்திரியைக் கேட்டார். நான் கத்திரியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன். அப்படி ஒரு அழுகையை அவர் போன எந்தத் தடவையும் நான் அழவில்லை.

வண்டி மாறிவிட்டது; இப்போது ஓடுவது மூன்றாவது. அவர் மாறவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனால் அடுத்த நிறுத்தம் வரை போய்த்தான் இறங்குகிறார். முட்டி வலியோடு நானும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறேன். இதோ, ரேஷன் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும், கார்டு கிடைத்ததா இல்லையா என்று வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். கத்தட்டும். கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்து, துடைத்து, தம்பியின் துண்டுத் தாளோடு சேர்த்து டப்பாவின் அடியில் வைத்தேன். கடைக்குப் போனால் கத்தரிக்காயிலிருந்து கறிவேப்பிலை வரை விலை கேட்காமல் நகராத மனுசன், இந்தக் கார்டில் எவ்வளவு கிடந்தது என்று இன்றுவரை என்னைக் கேட்டதில்லை.